கவாத்துக்கும் ஒரு காலம் உண்டு

(பாஸ்கா காலம் 5ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: யோவான் 15:1-8. வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்.)



இந்தச் சித்திரை வெயிலில் கோவைப் பக்கத்துச் சந்தைகளில் பன்னீர் திராட்சை வந்து குவிந்திருக்கிறது. கருமத்தம்பட்டி நால்ரோட்டிலும் தள்ளுவண்டியில் கருநீலக் கொத்துகளைப் பார்க்கிறோம். வாங்கிக் கழுவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இந்தக் கொத்து எப்போது உருவானது என்று நாம் கேட்பதில்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரரைக் கேட்டால், "மார்கழியில கவாத்து அடிச்ச கொடிங்க சாமி" என்பார். நாம் குடில் கட்டி, நட்சத்திரம் தொங்கவிட்டு, கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிக் கொண்டிருந்த நாட்களில் அவர் பந்தலின் கீழ் நின்று, பச்சையாகத் தழைத்திருந்த கொடியை வெட்டிக் கொண்டிருந்தார். இப்போது உயிர்ப்புக் காலத்தில் நாம் அதன் கனியை உண்கிறோம்.

இந்த ஞாயிறு நற்செய்தியில் ஆண்டவர் தம்மைத் திராட்சைச் செடி என்கிறார். நம்மைக் கொடிகள் என்கிறார். தந்தையைத் தோட்டக்காரர் என்கிறார். அந்தத் தோட்டக்காரர் இரண்டு வேலைகளைச் செய்கிறார். கனி தராத கொடியைத் தறித்துவிடுகிறார். கனி தரும் கொடியைக் கழித்துவிடுகிறார். முதலாவது நமக்கு எளிதில் விளங்குகிறது. இரண்டாவதுதான் நம்மை உறுத்துகிறது. நன்றாகக் காய்க்கும் கொடியில் எதற்குக் கத்தி வைக்க வேண்டும்?

கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் வரும் சொல்லுக்குத் தூய்மையாக்குதல் என்று பொருள். அடுத்த வசனத்திலேயே ஆண்டவர், தாம் சொன்ன வார்த்தையால் சீடர்கள் ஏற்கெனவே தூய்மையாகி இருப்பதாகச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் வேர்ச்சொல் ஒன்றே. ஆக, இந்தத் தோட்டத்தில் கத்தியாக இருப்பது வார்த்தை. இதை மனதில் வைத்துக்கொள்வோம். ஏனென்றால் நம் வீடுகளிலும் கத்தி என்பது பெரும்பாலும் வார்த்தைதான்.

முதலில் திராட்சையின் கதையைக் கொஞ்சம் கேட்போம். பன்னீர் திராட்சையை 1832ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அது ஊன்றி வளர்ந்து, 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடும் பெற்றது. குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கிவிடும். அந்தத் தூக்கம் முடியும் சமயத்தில் ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்வார்கள். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை. கொடி ஆண்டு முழுவதும் பச்சையாகவே ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இலைதான் மிகும். எனவே இங்கே கவாத்துதான் கொடிக்குப் பருவத்தை உண்டாக்குகிறது. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம்.

வெட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. ஒவ்வொரு குச்சியிலும் கணுவை எண்ணுகிறார். இந்தக் குச்சிக்கு இரண்டு கணு, அந்தக் குச்சிக்கு நான்கு கணு என்று விட்டு வெட்டுகிறார். ஏன் எண்ண வேண்டும்? வரப்போகும் கொத்து, வெட்டுவதற்கு முன்பே அந்த மொட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத உருவில் இருக்கிறது. கத்தி கனியை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கனிக்கு வழிவிடுகிறது. அளவு தெரியாமல் ஒட்ட வெட்டினால் அந்தக் கொத்தும் வெட்டுப்பட்ட குச்சியோடு குப்பைக்குப் போய்விடும்.

அன்புக்குரியவர்களே, திராட்சைக்கு ஒரு காலம் என்றால் மற்றச் செடிகளுக்கு வேறு வேறு காலம். நம்மில் பலர் வீட்டைச் சுற்றி நாலு மரமாவது வைத்திருக்கிறோம். கேட்டு வைத்துக்கொள்வது வீட்டுக்கும் உதவும்.

மாமரத்தைக் காய் பறித்து முடித்த பிறகு, ஆவணி, புரட்டாசி வாக்கில் தொட வேண்டும். காய்ந்த வாது, ஒன்றோடொன்று உரசும் வாது, நடுவில் அடர்ந்து வெயிலை மறைக்கும் வாது, இவற்றை எடுத்தால் போதும். கொய்யாவுக்குச் செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறையும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறையும் கிளை நுனியை நாலைந்து அங்குலம் வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் வந்து காய் பிடிக்கும். மாதுளைக்கு டிசம்பர். எலுமிச்சைக்கு, செங்குத்தாகக் கிளம்பிச் சத்தை உறிஞ்சும் போத்துகளை அவ்வப்போது எடுக்க வேண்டும். சத்தியமங்கலம் பக்கத்தில் மல்லிகை வைத்திருப்பவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலே விட்டு மொத்தமாக வெட்டிவிடுவார்கள். அந்தச் செடியில்தான் பங்குனியில் பூ அள்ளுகிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த முல்லைக்கு ஜனவரிக் கடைசி. அக்காள் தங்கை போன்ற இரண்டு செடிகள், ஆனால் இரண்டு மாத வித்தியாசம். ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே மாதிரி திருத்தப் பார்க்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று விதிகள் உண்டு. ஒன்று, அறுவடை முடிந்த பிறகு வெட்டு. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது வெட்டாதே. இரண்டு, செடி தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும்போது வெட்டாதே. மூன்று, வெட்டிய கையோடு உரம் வை, தண்ணீர் விடு. பெரிய வெட்டுக்குப் போர்டோ பசை தடவு. காய்ந்ததையும் நோய் பிடித்ததையும் மட்டும் எந்தக் காலத்திலும் எடுக்கலாம். அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழமொழிக்கு வருவோம். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எத்தனை வீடுகளில் இந்தப் பழமொழி பிரம்பாகப் பயன்பட்டிருக்கிறது! ஆனால் இதைச் சொல்லும் நாம் முருங்கைக்காரரிடம் போய் ஒரு கேள்வி கேட்டதில்லை. எப்போது ஒடிப்பீர்கள்?

மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்து முருங்கைத் தோட்டங்களில் செடிமுருங்கையைக் காய் முழுவதும் பறித்த பிறகுதான் தரையிலிருந்து மூன்று அடி விட்டு வெட்டுகிறார்கள். உடனே உரம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். நாலைந்து மாதத்தில் மறுதாம்பு காய்ப்புக்கு வந்துவிடுகிறது. கொத்துக் கொத்தாகப் பூ வைத்திருக்கும் முருங்கையை யாராவது ஒடிப்பார்களா? கோபம் வந்ததற்காக ஒடிப்பார்களா? பக்கத்துத் தோட்டக்காரர் பார்க்கிறார் என்பதற்காக ஒடிப்பார்களா? பழமொழியின் முதல் பாதியில் இத்தனை நிதானம் இருக்கிறது. இரண்டாம் பாதியை மட்டும் நாம் நிதானம் இல்லாமல் எடுத்துக்கொண்டோம். பிள்ளையை அடிக்கத் தேவையில்லை என்று இன்று திருச்சபையும் சட்டமும் நமக்குச் சொல்லித் தருகின்றன. கண்டித்துத் திருத்தத் தேவை உண்டு. அந்தக் கண்டிப்புக்கும் காலம் உண்டு.

பிறருக்குச் சொல்வதற்கு முன் நம் தவற்றைச் சொல்லிவிடுவோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட வேண்டியிருந்தது. வளாகத்தில் இருந்த மாமரத்தின் கிளைகள் இடைஞ்சலாக இருந்தன. குருவும் பங்குப் பேரவையுமாக நாம் கூடிப் பேசி, தை மாதம் அந்தக் கிளைகளை வெட்டினோம். மறுநாள் திருப்பலிக்கு வந்த முதியவர் ஒருவர் கீழே கிடந்த கிளையைத் தூக்கிக் காட்டினார். நுனியெல்லாம் பூ. "பூ எடுத்திருக்கறப்போ யாராச்சும் வாது வெட்டுவாங்களாங்க சாமி?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்தக் கோடையில் அந்தப் பக்கம் ஒரு மாங்காயும் தொங்கவில்லை.

மரம் அடுத்த ஆண்டு தழைத்துவிட்டது. அதே ஆண்டு நாம் செய்த இன்னொரு வெட்டு தழைக்கவில்லை. பாடகர் குழுவில் ஓர் இளைஞர் தொடர்ந்து பயிற்சிக்கு வராமல் இருந்தார். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தோம். பொறுப்பு வேண்டும், ஒழுங்கு வேண்டும் என்று சொன்னோம். சொன்னதில் தவறில்லை. ஆனால் அவருடைய தந்தை இறந்து நாற்பது நாள் கூட ஆகவில்லை. இரவு ஷிப்டுக்குப் போய்த்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இதை அன்பியத்தில் உள்ளவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் கேட்கவில்லை. அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசாமல் தலை குனிந்து போனார். அதன் பிறகு பாடவே வரவில்லை. பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். மன்னித்தேன் என்றும் சொன்னார். ஆனால் அந்தக் குரல் அந்தக் கோவிலுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சரியான வார்த்தையையே தவறான நேரத்தில் சொன்னால் என்ன ஆகும் என்பதை அன்று கற்றோம்.

சகோதர சகோதரிகளே, இதை இன்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்னும் சில நாட்களில் பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வரும். மதிப்பெண் குறைந்த பிள்ளை ஒன்று நம் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கும். அந்தக் காலை அந்தப் பிள்ளை ஏற்கெனவே வாடி நிற்கும். வாடிய செடியில் கத்தி வைக்கக் கூடாது என்பது நாம் சற்று முன் கேட்ட விதி. "எத்தனை தடவை சொன்னேன், போனைக் கீழே வை என்று" என்பது உண்மையாகவே இருக்கலாம். அன்று அதைச் சொல்ல வேண்டாம். "உனக்காக ராத்திரி பகலா தறி ஓட்டினேனே" என்பதும் உண்மைதான். அன்று அதுவும் வேண்டாம். அன்று தண்ணீர் ஊற்றும் நாள். சாப்பிட வைக்க வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், தனியே விடக் கூடாது. துணைத்தேர்வு இருக்கிறது, வேறு படிப்பு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நாம் இருக்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பேச ஆள் தேவைப்பட்டால் 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் அரசு ஆலோசகர்கள் பேசுகிறார்கள். படிப்பைப் பற்றியும் போனைப் பற்றியும் பேச வேண்டியதை இரண்டு வாரம் கழித்து, மனம் தெளிந்த ஒரு மாலையில், தனியாக, அளவாகப் பேசுங்கள். கணுவை எண்ணிப் பேசுங்கள். அப்போது அந்த வார்த்தை உள்ளே போகும்.

கணவன் மனைவிக்கும் இது பொருந்தும். வேலை முடிந்து களைத்து வந்தவரிடம் வாசலிலேயே கணக்குக் கேட்பதும், சொந்தக்காரர்கள் நிறைந்த பந்தியில் மனைவியின் குறையைச் சொல்லிச் சிரிப்பதும் காலம் தவறிய வெட்டு. ஆனால் காலம் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பேசாமலே இருந்துவிடுவதும் தவறு. குடி, அடி, வட்டிக் கடன், பெண் பிள்ளைகளுக்கு நேரும் தொல்லை, இவை நோய் பிடித்த கிளை. இவற்றுக்கு ஆவணியும் கார்த்திகையும் பார்க்க வேண்டாம். இன்றே பேச வேண்டும், இன்றே உதவி கேட்க வேண்டும்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன அத்தி மரத்தையும் நினைத்துப் பார்ப்போம். மூன்று ஆண்டு கனி இல்லை, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளர் இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். சும்மா விட்டுவிடும்படி அவர் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி உரம் போடுகிறேன் என்கிறார். கத்தியை எடுக்கும் முன் மண்வெட்டியை எடுக்கிறார். ஒருவரைத் திருத்த விரும்பும் நாம், அவருக்காக எத்தனை நாள் மண் கொத்தினோம், எத்தனை கூடை எரு சுமந்தோம் என்று கேட்டுக்கொண்டால், பேசும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. துன்பத்தில் இருப்பவரிடம் போய், கடவுள் உன்னைக் கவாத்து செய்கிறார் என்று சொல்ல வேண்டாம். நம் கொங்கு நாட்டில் ஆடிக் காற்று அடித்தால் முருங்கைக் கிளை முறிந்து தொங்கும். அதைத் தோட்டக்காரர் வெட்டவில்லை, காற்று முறித்தது. நோயும் விபத்தும் வேலை இழப்பும் நம் வாழ்வில் அப்படி வருகின்றன. ஆனால் முறிந்ததைக் கண்ட தோட்டக்காரர் சும்மா இருப்பதில்லை. பிய்ந்த இடத்தைச் சீராக்கி, பசை தடவி, அந்த மரம் மீண்டும் துளிர்க்க வழி செய்கிறார். நம் தந்தையும் அதையே செய்கிறார் என்று நாம் விசுவசிக்கிறோம்.

நம் ஊர் வரலாற்றிலேயே ஒருவரைப் பார்ப்போம். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இதே கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மரியோன் பிரேசியாக் ஆண்டகை. 1850இல் கோவையின் முதல் திருத்தூதரக ஆட்சியாளர் ஆனார். இந்த மண்ணின் மைந்தர்கள் குருக்களாக வேண்டும் என்று உழைத்தார். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு அனுமதிப்பது என்ற கேள்வியில் அவருடைய மனச்சாட்சிக்கு அமைதி கிடைக்கவில்லை. பொறுப்பிலிருந்து விலகினார். தாம் நேசித்த மக்களை விட்டுப் போனது அவருக்குப் பெரிய வெட்டு. ஆனால் 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃபிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். ஆறு வாரத்துக்குள், ஜூன் 25 அன்று, மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு வயது 45. மனிதக் கணக்கில் எல்லாம் முடிந்தது. ஆனால் அந்தச் சபை இன்றும் ஆப்பிரிக்காவில் பணி செய்கிறது. அதில் இந்தியக் குருக்களும் இருக்கிறார்கள். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அவர் காணாத அறுவடை அது. மொட்டுக்குள் இருந்ததைத் தோட்டக்காரர் அறிந்திருந்தார்.

அன்புக்குரியவர்களே, வைகாசி வருகிறது. திராட்சைக்காரர் மறுபடியும் கத்தியைத் தீட்டுவார். நாமும் இந்த வாரம் மூன்று காரியம் செய்வோம். யாரையாவது திருத்த வேண்டும் என்று மனம் துடித்தால், அவர் இப்போது பூத்திருக்கிறாரா, வாடியிருக்கிறாரா என்று முதலில் கேட்போம். காலம் தவறி வெட்டிய ஒருவர் நம் நினைவுக்கு வந்தால், இன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்போம். நம்மைக் கண்டித்த ஒரு வார்த்தை இன்னும் வலிக்கிறது என்றால், அதில் நமக்குத் தேவையானது ஏதாவது இருந்ததா என்று செபத்தில் ஆண்டவரிடம் கேட்போம்.

செபிப்போமாக. தோட்டக்காரராகிய தந்தையே, நீர் எங்களை அறிந்திருக்கிறீர். எங்கள் கணுக்களை எண்ணி, எங்கள் காலம் அறிந்து, உம் வார்த்தையால் எங்களைத் தூய்மையாக்கும். எங்கள் நாவுக்குப் பொறுமையைத் தாரும். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். உம் திருமகனோடு இணைந்திருந்து, நீர் குறித்த காலத்தில் நாங்கள் கனி தரச் செய்தருளும். செபமாலை அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.